நாலாவது ஆளுக்கு இடம்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பரணைக் காலி செய்கிறோம். எது முதலில் வெளியே போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஓட்டைப் பித்தளைக் குடம் போகாது; ‘ஈயம் பூசினால் ஆச்சு’ என்போம். கால் ஒடிந்த நாற்காலி போகாது. ‘ஆசாரி வந்தால் பார்த்துக்கலாம்’ என்போம். கேரம் போர்டுதான் போகும்! ‘இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது, ஆடறதுக்கு ஆள் ஏது?’ என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுவோம்.

பாவம், அதன் குற்றம் என்ன? நாலு பேருக்கென்று செய்யப்பட்டது என்பதுதான். ஒரு ஆள் ஆடும் சாமான் சட்டைப் பைக்குள் அடங்கிவிடுகிறது. நாலு பேர் ஆடுவதற்கு நாலு பேர் உட்காரும் இடம் வேண்டும். ஆடும் பரப்பு மட்டுமே 74 சென்டிமீட்டர் சதுரம். சட்டத்தையும் சேர்த்தால் பீரோவுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

இது நம் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். காசு போட்டு ஆடும் விளையாட்டு இயந்திரங்களுக்கும் இதே கதிதான். 1975-ல் அமெரிக்காவில் அட்டாரி கம்பெனி ‘இண்டி 800’ என்று ஒரு கார்ப் பந்தய இயந்திரம் செய்தது. ஒரு சாப்பாட்டு மேஜையைவிடப் பெரியது. நடுவில் வண்ணத்திரை, நாலு பக்கமும் பக்கத்துக்கு இரண்டாக எட்டு ஸ்டியரிங். எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் முண்டியடித்து ஓட்டலாம். ஆடாமல் சுற்றி நிற்பவர்களும் ஆட்டத்தைப் பார்க்கட்டும் என்று மேலே கண்ணாடி வேறு மாட்டியிருந்தார்கள். வேடிக்கை பார்ப்பவருக்கும் இடம் வைத்த மனசு எப்படிப்பட்ட மனசு, பாருங்கள்!

ஆனால் கடைக்காரர் கணக்குப் போட்டார். எட்டுப் பேர் சேர்ந்து வந்தால்தான் அது நிறையக் காசு தரும். அது அடைத்திருக்கும் இடத்திலோ ஒற்றை ஆள் இயந்திரம் நாலைந்து வைத்துவிடலாம். புது இயந்திரம் வந்ததும் பெரியதுதான் முதலில் வெளியே போயிற்று. அதனால்தான் இன்று அது அபூர்வம். 1985-ல் வந்த ‘காண்ட்லட்’ நாலு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடுவது. அதற்கும் பின்னால் அதே நிலைமை. இன்று அவற்றைத் தேடிப் பிடித்துப் பழுது பார்க்கிறவர்கள் அந்த நாடுகளில் இருக்கிறார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் லக்கோனியா என்ற ஊரில் 1952-ல் தொடங்கிய ‘ஃபன்ஸ்பாட்’ என்ற விளையாட்டுக் கூடம் இருக்கிறது. பழைய இயந்திரங்களுக்கென்று அங்கே ஒரு அருங்காட்சியகமே உண்டு. அதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? ‘தொடாதே’ என்று கயிறு கட்டி வைக்கவில்லை. வந்தவர்கள் ஆடலாம்!

அந்த இயந்திரங்கள் நமக்கு எட்டாது; விடுங்கள். நம் பரணில் இருக்கும் நாலு பேர் சாமானைப் பற்றிப் பேசுவோம். சென்ற வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பலகைகளைத் தேற்றினோம். அந்தக் கைப்பாடத்தைத்தான் இந்த முறை எழுதுகிறேன்.

வெள்ளத்தில் வந்த வேலை

எங்கள் குருவிநத்தம் பாகூர் கொம்யூனில், தென்பெண்ணை ஓரத்து ஊர். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது வடியுமுன் சாத்தனூர் அணை நிரம்பி ஆற்றில் வெள்ளம் வந்தது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு ஒவ்வொரு வாசலிலும் ஒரு குப்பை மேடு: மெத்தை, பாய், பள்ளிக்கூடப் புத்தகம், நனைந்த அரிசி மூட்டை.

பக்கத்து வீட்டுப் பெண் சின்னவள். ஒன்பது வயதில் ஒரு மகள், ஒன்றரை வயதில் ஒரு பையன். அவள் வாசல் மேட்டில் ஒரு கேரம் போர்டும், ஒரு ஆணிப்பலகையும் கிடந்தன. ஆணி அடித்து, ஸ்பிரிங் தள்ளினால் குண்டு ஓடுமே, பேகடெல் என்று கடையில் கேட்டு வாங்குவோமே, அதுதான். கேரம் போர்டு அவள் மாமனார் வாங்கியது. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தத் திண்ணையில் சாயங்காலமானால் நாலு பேர் உட்கார்ந்து ஆடியது. அந்த நாலு பேரில் ஒருவர் காலமாகிவிட்டார். ஒருவர் மகனோடு வெளியூர் போய்விட்டார். அதற்கப்புறம் போர்டு சுவரோடு சாய்ந்ததுதான்.

“காயவெச்சு அடுப்புல வெச்சிரலாம்னு பாக்குறேன் அக்கா. மெத்தைக்கே வழியில்ல, இதுக்கு இன்னா?” என்றாள்.

அவள் சொன்னது நியாயம்தானே? சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் அப்புறம்தான் ஆட்டம். எனக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் திண்ணையில் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்த விதம் மனசைப் பிசைந்தது. வெள்ளம் வடிந்த நாளிலிருந்து மனிதர் பேசவே இல்லையாம்; சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வருவார், சாப்பிட்டுவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துவிடுவார். “அடுப்புக்குக் கீழ்வீட்டுல வெறகு வாங்கிக்கலாம். இதை நாம பாப்போம், எனக்குக் கை அரிக்குது” என்று சொல்லி இரண்டையும் எடுத்து வைத்தேன். பழைய ஆட்டச் சாமான் சேர்க்கிற கிறுக்கு எனக்கு உண்டு என்பது தெரு முழுக்கத் தெரியும்; அதனால் அவள் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள்.

முதலில் உங்கள் உடம்பு

எதைத் தேற்றுவதற்கு முன்னும் நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளச் சேற்றில் எலி மூத்திரம் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் அதிலிருந்துதான் வருகிறது. காலில் செருப்பு, கையில் உறை இல்லாமல் சேற்றுச் சாமானைத் தொடாதீர்கள். கையிலோ காலிலோ வெட்டுக்காயம் இருந்தால் மூடிக் கட்டுங்கள். அடுத்த சில வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், ‘வெள்ளத்தில் வேலை செய்தேன்’ என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தரையைக் கழுவுகிறோம், நல்லது. ஆனால் அதோடு கக்கூஸ் கழுவும் ஆசிட்டைக் கலக்கவே கூடாது. விஷவாயு கிளம்பும். பூஞ்சை பிடித்த பலகையை உலர்ந்தபடியே தேய்க்காதீர்கள்; ஈரத்துணியால் துடையுங்கள். ஆஸ்துமாக்காரர்கள் அந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

கேரம் போர்டு தேறுவது எப்படி?

சேறு காய்வதற்குள் நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் மணல் துகள் மரத்துக்குள் உட்கார்ந்து, துடைக்கத் துடைக்கக் கீறும். சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, இவ்வளவுதான். பிரஷ் போடாதீர்கள்.

கழுவியதும் எல்லாரும் செய்வது என்ன? வெயிலில் தூக்கி வைப்பது! அங்கேதான் போர்டு கெடுகிறது. வெயில் படும் பக்கம் சீக்கிரம் சுருங்கும், மறுபக்கம் ஈரத்தோடு இருக்கும். பலகை அப்பளம் மாதிரி வளைந்துவிடும். நிழலில், நாலு மூலைக்கும் நடுவுக்கும் செங்கல் வைத்து அதன்மேல் படுக்க வையுங்கள். மேலும் கீழும் காற்று ஓட வேண்டும். தினம் ஒரு தடவை திருப்பிப் போடுங்கள். அவசரம் கூடாது; எங்களுக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

போர்டு பிளைவுட், அதாவது மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்தது. ஈரத்தில் ஓரத்தில் தகடுகள் பிரிந்து வாய் திறந்திருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு, பழைய போஸ்டு கார்டு ஒன்றால் அந்தப் பிளவுக்குள் மரப்பசையைத் தள்ளி விடுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் தாள், அதன்மேல் ஒரு பலகை, அதன்மேல் அம்மிக்கல். ஒரு நாள் முழுக்க அசைக்கக் கூடாது. கிரைண்டர் வந்த பிறகு எங்கள் வீட்டு அம்மி செய்த பெரிய உபகாரம் இதுதான்!

பிறகு உப்புக்காகிதம். மிக நைசான ரகம் வாங்குங்கள். மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே இழுக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தெரியும். சமமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரிடம் ரசமட்டம் கேட்டு வாங்கி வைத்துப் பாருங்கள். கோடுகள் அழிந்திருந்தால் அடிஸ்கேல் வைத்துக் கறுப்பு மையால் மெல்லிசாக இழுத்து, ஒரே ஒரு கை வார்னிஷ், அதுவும் தண்ணீர் மாதிரி நீர்க்க. கெட்டியாகப் பூசினால் காய் ஒட்டிக்கொண்டு நகராது. சட்டத்தின் மூலை ஆட்டம் கண்டிருந்தால் மட்டும் ஆசாரியைக் கூப்பிடுங்கள். எங்களுக்கு ஒரு மூலையில் ஆப்பு வைத்துக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றுவிட்டார். பசை, தாள், வார்னிஷ், பாக்கெட்டுக்கு வலை எல்லாம் பாகூர்க் கடைத்தெருவில் வாங்கியதுதான். ஒரு மெத்தை உறை வாங்கும் காசுகூட ஆகவில்லை.

போர்டு தேறிவிட்டதா என்று எப்படித் தெரியும்? பந்தய விதியிலேயே இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. 15 கிராம் ஸ்ட்ரைக்கரைப் பலம் கொண்டமட்டும் சுண்டினால், அது போர்டின் நீளத்தை மூன்றரைத் தடவை போய் வர வேண்டும். எங்கள் போர்டில் இரண்டரைத் தடவையோடு நின்றுவிட்டது. ஒரு மூலையில் கொஞ்சம் உப்பலும் தங்கிவிட்டது. இருக்கட்டுமே! பந்தயத்துக்கா அனுப்பப் போகிறோம்?

ஆணிப்பலகையின் வம்சம்

அந்த ஆணிப்பலகை சின்னதுதான். ஆனால் அதன் வம்சம் பெரியது. பாரிஸ் அருகே 1777-ல் பகாடெல் என்று ஒரு மாளிகை கட்டினார்கள். ராணி மேரி அந்துவானெத்தோடு வைத்த பந்தயத்துக்காக 64 நாளில் கட்டி முடித்ததாம்! அந்த மாளிகையின் பெயர்தான் ஆட்டத்துக்கும் நின்றது என்பார்கள். முதலில் கோலால் குண்டைத் தள்ளி ஆடினார்கள். 1871-ல் அமெரிக்காவில் மாண்டேக் ரெட்கிரேவ் என்பவர் கோலுக்குப் பதில் ஸ்பிரிங் வைத்துக் காப்புரிமை வாங்கினார். 1931-ல் அதே பலகை காசு போட்டு ஆடும் இயந்திரமாகிக் கடைகளில் உட்கார்ந்தது. 1947-ல் குண்டைத் திருப்பி அடிக்கும் சின்னத் துடுப்புகள் வந்தன. அதுதான் பின்பால். சூதாட்டம் என்று சொல்லி நியூயார்க் நகரம் 1942-லிருந்து 1976 வரை அதைத் தடை செய்தே வைத்திருந்தது. 1972-ல் ‘பாங்’ என்ற டி.வி. ஆட்டம், 1975-ல் நான் முன்னே சொன்ன எட்டுப் பேர் இயந்திரம். ஆக, நம் வீட்டு ஆணிப்பலகை அந்த இயந்திரங்களுக்கெல்லாம் கொள்ளுப்பாட்டி முறை!

கொள்ளுப்பாட்டிக்கு வைத்தியம் எளிது. துருப்பிடித்த ஆணியைப் பிடுங்கிவிட்டுப் பித்தளை ஆணி அடியுங்கள். ஸ்பிரிங் இறந்துவிட்டால் பழைய டார்ச் லைட்டில் பாருங்கள். குண்டு தொலைந்திருந்தால் சைக்கிள் கடையில் பால்ரஸ் கேளுங்கள், கிடைக்கும்.

ஆனால் ஒரு முக்கியமான விஷயம். பழைய சிவப்பு, மஞ்சள், பச்சைப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் 2016-ல்தான் சட்டம் வந்தது. அதற்கு முந்தைய சாமானை உலர்ந்தபடி சுரண்டினால் ஈயத்தூள் பறக்கும். குழந்தை தரையில் தவழும், கையை வாயில் வைக்கும். உள்ளே போகும் ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்று சொல்ல ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அந்தப் பெண்ணின் ஆணிப்பலகையோ பளீர் சிவப்பு. ஓரத்தில் பெயின்ட் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. “இவன் சும்மா இதத் தட்டிக்கிட்டாவது இருப்பானேக்கா” என்று ஒன்றரை வயதுப் பையனைக் காட்டினாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சுரண்டாமல் ஈரத்துணியால் துடைத்தோம். அந்தத் துணியைக் கவரில் கட்டிக் குப்பையில் போட்டோம். ஆணியும் ஸ்பிரிங்கும் மாற்றியது என் ஆசைக்கு. மேலே கண்ணாடி போட்டு மூடி, கைக்கு எட்டாத உயரத்தில் சுவரில் மாட்டியாயிற்று. தேற்றிய சாமான் எல்லாம் ஆடத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனாலும் குழந்தை இருக்கிற வீட்டில் அதற்கு ஒரு விலக்கு உண்டு.

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு

* கேரம் காய், சோழி, புளியங்கொட்டை, பால்ரஸ் எல்லாமே மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆபத்து. ஆட்டம் முடிந்ததும் எண்ணி எடுத்து வையுங்கள். கேரமுக்கு 9 கறுப்பு, 9 வெள்ளை, ஒரு சிவப்பு. 19 சேராமல் எழுந்திருக்காதீர்கள்.
* ஒரு வயது தாண்டிய குழந்தைக்குத் தொண்டையில் அடைத்து, இருமவோ அழவோ முடியாமல் போனால், முன்னால் குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் பலமாக ஐந்து தட்டு. பக்கத்தில் இருப்பவரை 108-க்குப் பேசச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். இன்னும் உள்ளே போய்விடும்.
* கேரமுக்குத் தூவும் போரிக் பவுடர் பார்க்கச் சாதுவாக இருக்கும். உள்ளே போனால் வாந்தி, பேதி. புண்ணான தோல் வழியாகவும் ஏறும். முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவில் அதைக் கொட்டி வைக்கவே கூடாது. ஆடியபின் கையைக் கழுவிவிட்டுத்தான் குழந்தைக்குச் சோறு. சின்னக் குழந்தை உள்ள வீட்டில் உருளைக்கிழங்கு ஸ்டார்ச் பொடியே போதும்.
* மரப் பல்லாங்குழிக்கு வர்ணமே வேண்டாம். நிழலில் காயவைத்து ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாகத் தேய்த்தால் பளபளவென்று வரும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அந்த எண்ணெய்த் துணி தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகு எறியுங்கள்.
* வெள்ளத்தில் நனைந்த டி.வி.யையோ டி.வி.யில் மாட்டி ஆடும் கேம் பெட்டியையோ ‘காய்ந்துவிட்டது’ என்று பிளக்கில் சொருகாதீர்கள். பெரிய பெட்டி மாதிரிப் பழைய டி.வி.யின் பிக்சர் டியூபில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைத் தூக்கி அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். வெளிநாட்டில் விளையாட்டு இயந்திரம் சேர்ப்பவர்கள்கூட முதலில் பயப்படுவது அதற்குத்தான். கண்டன்சர் மாற்றுவது மெக்கானிக் வேலை. நாம் மூடியைக்கூடத் திறக்க வேண்டாம்.

போர்டு தயார், ஆள்?

தை பிறந்தது. போர்டைத் திண்ணையில் கொண்டுபோய் வைத்தோம். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. வேட்டி முனையால் ஒரு தடவை துடைத்தார். சாயங்காலம் பழைய கூட்டாளி ஒருவர் வந்தார், தெருக்கோடித் தாத்தா. இரண்டு பேர் உட்கார்ந்து ஆடினார்கள். கேரமை இரண்டு பேரும் ஆடலாம். ஆனால் எதிரெதிரே கூட்டாளி வைத்து நாலு பேர் ஆடுவதில்தான் ருசி.

“பெரியப்பா, கைக்கு ஆள் இருக்கே!” என்றேன். அந்த ஒன்பது வயதுப் பெண் போர்டையே பார்த்துக்கொண்டு தூணைக் கட்டிக்கொண்டு நின்றது. அந்தப் போர்டில் உப்புக்காகிதம் தேய்த்ததில் பாதி அவள் கை.

அவள் அம்மா உடனே, “திண்ணையில ஆம்பிளைங்க ஆடறாங்க, நீ உள்ள வா” என்றாள். யாரும் கண்டிப்பாகச் சொன்னதில்லை. ஆனால் முப்பது வருஷத்தில் அந்தப் போர்டில் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதோடு சரி. நீங்களும் யோசித்துப் பாருங்கள், உங்கள் வீட்டுப் போர்டில் நீங்கள் கடைசியாக எப்போது சுண்டினீர்கள்?

நான் ஒரு செய்தி சொன்னேன். புயலுக்கு முன்னால், அதே நவம்பர் மாதம், அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தவர் சென்னைப் பெண் காசிமா. ஆட்டோ ஓட்டுநர் மகள். அப்போது வயது 17. உலகக் கேரம் சம்மேளனம் 1988-ல் ஆரம்பித்ததே நம் சென்னையில்தான். கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கிய மரியா இருதயமும் சென்னைக்காரர். 1991-லும் 1995-லும் உலகச் சாம்பியன். ‘நம்ம பக்கத்து ஆட்டம் பெரியப்பா, நம்ம பிள்ளை ஆடினா இன்னா?’ என்றேன்.

பெரியவர் கொஞ்ச நேரம் ஸ்ட்ரைக்கரையே உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டினார். பேத்தி உட்கார்ந்தது. “இந்த மூலையில காய் நிக்காது, ஓடிப்போயிடும். மெல்ல சுண்டு” என்றார். வெள்ளத்துக்குப் பிறகு அவர் அவ்வளவு பேசி அன்றுதான் கேட்டேன் என்று அவள் அம்மா பின்னால் சொன்னாள்.

மூன்று பேர் ஆயிற்று. நாலாவது ஆள்? அம்மாக்காரி கைக்குழந்தையை என் இடுப்பில் வைத்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்! முதல் சுண்டலில் ஸ்ட்ரைக்கர் திண்ணையைத் தாண்டித் தெருவில் விழுந்தது. எல்லாரும் சிரித்தோம், சத்தம் கேட்டு எதிர்வீட்டு அண்ணி எட்டிப் பார்த்தார். இப்போது வாரத்தில் இரண்டு நாள் அவரும் வருகிறார்.

பலகை தேறினதால் துக்கம் தேறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு மெத்தை வாங்க மாசிவரை ஆயிற்று. அடுத்த மழைக்கு என்ன செய்வது என்ற பயம் இன்னும் ஊரில் இருக்கிறது. ஆனால் நாலு பேர் முகம் பார்த்து உட்கார ஒரு சாமான் வீட்டில் இருந்தால், பேசாதவரும் ‘ரெட்டுக்கு ஃபாலோ எங்கே?’ என்றாவது வாயைத் திறப்பார். ஒற்றை ஆள் சாமானுக்கு அந்தக் குணம் கிடையாது.

சேர்க்க நினைப்பவர்களுக்கு

பழைய சாமான் வாங்க நீங்கள் கடை கடையாக அலைய வேண்டாம். வீடு இடிக்கும் இடத்திலும் பாகம் பிரிக்கும் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். எடைக்குப் போடும் முன் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். வாங்கும்போது நான் மூன்று கேள்வி கேட்பேன். எத்தனை பேர் ஆடலாம்? காய் எல்லாம் இருக்கிறதா? யார் வீட்டுத் திண்ணையில் இருந்தது? மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலை ஒரு சீட்டில் எழுதிப் பலகையின் அடியில் ஒட்டிவிடுங்கள். விலைக்கு விற்கும் ஆசை இருந்தாலும் இந்தச் சீட்டு நல்லது. இல்லாவிட்டால் உங்கள் பேரக்குழந்தை படித்துக்கொள்ளட்டும்.

பலகையே கிடைக்கவில்லையா? ஒரு துண்டு சுண்ணாம்பு எடுத்துத் தரையில் தாயக்கட்டம் போடுங்கள். நாலு பேர் ஆடலாம், இடமும் அடைக்காது, எந்த வெள்ளமும் அதைக் கொண்டுபோக முடியாது. தரை காய்ந்ததும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். கட்டை இல்லையென்றால் உடைத்த புளியங்கொட்டை போதும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள் சகோதரிகளே. போர்டு அகப்பட்டால் முதலில் தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். பிறகு காயை எண்ணுங்கள். 19 இருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில், ஈரம் பட்ட புத்தகங்களையும் கல்யாணப் போட்டோக்களையும் காப்பாற்றுவது பற்றிப் பார்ப்போம்.